பனி தள்ள ஒரு பழைய டிராக்டர்: சிங்கப்பூரில் இருந்தபடி தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் வண்டியின் வயதை நாம் பார்க்கும் பார்வையே வேறு. வாகன உரிமைச் சான்றிதழுக்கு ஆயுள் பத்தாண்டு. அது முடிகிறதென்றால், இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வண்டியைக் கழித்துவிடப் பலரும் தயங்குவதில்லை. அதே கண்ணோடு, கனடாவில் வீடு வாங்கிய மகனுக்கோ தங்கைக்கோ டிராக்டர் விளம்பரம் பார்க்க உட்கார்ந்தால், 1952 என்ற எண்ணைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடத் தோன்றும். மூட வேண்டாம். ஒண்டாரியோ கிராமப்புறத்தில் எழுபது வயது டிராக்டர்கள் இன்றும் காலையில் எழுந்து பனி தள்ளுகின்றன. வார்ப்பிரும்பு உடம்பு, எளிய இன்ஜின், கம்ப்யூட்டர் கிடையாது, உதிரிப்பாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

ஆண்டை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்சை மிதித்தால், பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டும் நின்றுவிடுகிறதா? கடுங்குளிரில் கிளம்புகிறதா? சறுக்கும் தரையில் பிடி இருக்கிறதா? குதிரைத்திறன் இவற்றுக்குப் பிறகுதான்.

1. முதலில் பாதையை அளந்துகொள்ளுங்கள்

வீட்டு வாசலிலிருந்து சாலைவரை கார் வரும் பாதையைத்தான் அங்கே டிரைவ்வே என்கிறார்கள். அதன் நீளம், அகலம், சரிவு, தரை நான்கும் தெரியாமல் எந்த டிராக்டரையும் பார்க்கத் தொடங்காதீர்கள்.

30 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வையுங்கள். 90 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒரு நாலறை வீவக வீட்டின் மொத்தத் தரை. அதன்மேல் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 18 கன மீட்டர். புதிதாக விழுந்த தூள் பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்றால் மொத்தம் 1.8 டன். அதுவே ஈரப்பனியாக இருந்து 300 கிலோ கனத்தால் 5.4 டன். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். ஒன்றைப் பத்து குதிரைத்திறன் வண்டியே ஒதுக்கிவிடும்; மற்றொன்றில் அதே வண்டி திணறிப்போகும்.

இன்னொன்றைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நகராட்சியின் பனிவண்டி சாலையைத் தள்ளிக்கொண்டு போகும்போது உங்கள் பாதையின் வாயில் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். அது தூள் பனி அல்ல. உப்பும் சேறும் பனிக்கட்டியும் கலந்தது, சில மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். வண்டியை இந்த வரப்பை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பாதையின் நடுவில் கிடக்கும் மெல்லிய பனியை வைத்து அல்ல.

தள்ளிய பனிக்கு இடம் எங்கே என்றும் கேளுங்கள். ஒண்டாரியோவில் அதைச் சாலையில் தள்ளுவது சட்டப்படி குற்றம். பாதையின் இருபுறமும் திறந்த புல்வெளி இருந்தால், பனியைத் தள்ளி ஒதுக்கும் இரும்புப் பலகையான பிளேடு போதும். ஒருபுறம் வேலி, மறுபுறம் அடுத்த வீட்டுச் சுவர் என்றால், ஜனவரிக்குள் இரண்டு பக்கமும் பனிச்சுவர் எழும்பிப் பாதை குறுகிவிடும். அங்கே பனியைத் தூக்கி வீசும் கருவிதான் வேண்டும்.

2. கருவியை முடிவு செய்தபின் வண்டி

பின்பக்கப் பிளேடு மலிவானது, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இடத்தில் கருவியைப் பிடிக்கும் மும்முனை இணைப்பில் மாட்டுவது. பாதி கோணத்துக்குத் திருப்பினால் பனியை ஓரமாக ஒதுக்கும். முழுதாகத் திருப்பி ரிவர்ஸில் போனால் முன்னால் தள்ளுவது போலவே தள்ளலாம். வீட்டுக் கதவருகே குவிந்ததை இழுத்துவரவும் இதுவே உதவும். சிறிய டிராக்டர்களில் இணைப்பு பொதுவாக முதல் வகை (கேட்டகிரி 1): கீழ்க்கை ஊசி 22 மில்லிமீட்டர், மேல் ஊசி 19 மில்லிமீட்டர். பழைய பிளேடுகளில் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். சிறிது ஆடினால் பரவாயில்லை, உலோகம் கிழிந்திருந்தால் வேண்டாம்.

முன்பக்கத்தில் பக்கெட்டோடு கூடிய லோடர் இருந்தால் பனியை அள்ளி வேறிடத்தில் குவிக்கலாம். ஆனால் இரண்டு சக்கர இழுவை வண்டியில் பக்கெட் நிறைய ஈரப்பனி அள்ளியதும் பின்சக்கரம் லேசாகி வெறுமனே சுற்றும். பின்னால் கான்கிரீட் ஊற்றிய எடை மாட்டாமல் லோடரைப் பயன்படுத்தவே கூடாது.

புளோவர் பனியை அரைத்துக் குழாய் வழியாகப் பல மீட்டர் தூரம் வீசும். பின்பக்கம் மாட்டுவது என்றால் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும், கழுத்து வலிக்கும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். புளோவரின் அகலத்தில் ஓர் அடிக்கு 4 முதல் 5 குதிரைத்திறன் என்பது பழைய கைக்கணக்கு. இந்தத் திறன் இன்ஜினில் அல்ல, பின்தண்டில் கிடைப்பது. இதோடு, புளோவரின் அகலம் பின்டயர்களின் வெளிவிளிம்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், பிடிக்காக டயரில் செயின் சுற்றினால் அதையும் சேர்த்து. இல்லையேல் வெட்டாத பனியின்மேல் ஒரு சக்கரம் ஏறி வண்டி சாயும். வண்டி அகலம், ஆனால் சக்தி குறைவு என்றால் அந்த வண்டிக்குப் புளோவர் பொருந்தாது என்பது இந்த இரண்டு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

3. பின்தண்டு: இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்

டிராக்டரின் பின்புறத்தில் புளோவர் போன்றவற்றைச் சுழற்றும் தண்டைப் பி.டி.ஓ. என்பார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று அதன் வழக்கமான வேகம். பழைய வண்டிகளில் இது கியர்பெட்டி வழியாக வருவதால் கிளட்சை மிதித்ததும் சக்கரமும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும். உழவுக்கு இது பெரிய குறையல்ல. பனிக்குப் பெரிய குறை. புளோவர் கடினமான வரப்பில் முட்டும் தருணத்தில் வண்டி நிற்க வேண்டும், ஆனால் புளோவர் சுழன்றுகொண்டே இருந்து வாயில் உள்ளதை விழுங்கி வெளியே வீச வேண்டும். கிளட்சை மிதித்ததும் அதுவும் நின்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். மறுபடி கிளட்சை விட்டதும் வண்டி முட்டித் தள்ளும், போல்ட் அறுந்துபோகும். ஒரு மணி நேர வேலை காலை முழுவதும் நீளும்.

இதற்குத் தீர்வாக வந்தது இரட்டைக் கிளட்ச். மிதிகட்டையைப் பாதி அழுத்தினால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுதாக அழுத்தினால் பி.டி.ஓ.வும் நிற்கும். சோதிப்பது எளிது. கருவி எதுவும் மாட்டாமல், எல்லோரும் தண்டிலிருந்து விலகி நிற்க, பி.டி.ஓ.வைச் சேர்த்து, மிகத் தாழ்ந்த கியரில் வண்டியை நகர்த்தி, மிதிகட்டையைப் பாதி அழுத்தச் சொல்லுங்கள். வண்டி நின்று தண்டு சுற்றிக்கொண்டே இருந்தால் சரி. விற்பவர் வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். ஒரே மாடலில் ஒற்றைக் கிளட்ச் வண்டியும் உண்டு, இரட்டைக் கிளட்ச் வண்டியும் உண்டு. பெரும்பாலும் விற்பவருக்கே எது என்று தெரிந்திருக்காது.

இன்னொரு சிறிய கவனம்: மிகப் பழைய வண்டிகளில் தண்டின் தடிமன் 1⅛ அங்குலம். இன்றைய கருவிகளுக்கு 1⅜ அங்குலம் வேண்டும். இடையில் ஒரு அடாப்டர் போட்டால் தீர்ந்தது.

4. எந்த வண்டி, எதற்கு

ஃபோர்டு 8என், 1947 முதல் 1952 வரை. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதால் சந்தையில் எப்போதும் இருக்கும். பாகங்களும் அப்படியே. ஆனால் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ. நிற்கும், ஹைட்ராலிக் பம்பும் அதே வழியில் ஓடுவதால், அந்த நேரத்தில் பிளேடையும் தூக்க முடியாது. முதல் கியரிலேயே மணிக்கு 4 கி.மீ. அளவு போகும், புளோவருக்கு அது ஓட்டம். ஆக, 8என் பிளேடு வண்டி. செயினும் எடையும் போட்டால் நேரான, தட்டையான பாதையை அருமையாகத் தள்ளும். புளோவர் வாங்கும் எண்ணம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் கடந்து போங்கள். ஃபோர்டிலேயே 1950-களின் நடுவில் வந்த 660-இல் ஐந்து கியரும், கிளட்சுக்குக் கட்டுப்படாத பி.டி.ஓ.வும் உண்டு. 640, 650-இல் அது கிடையாது. கடைசிக்கு முந்தைய ஓர் இலக்கத்தில் இருக்கிறது விஷயம்.

மாசி பெர்குசன் 35, 135. இந்த வரிசையின் உறவு வண்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம்: சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் சிவப்பு 1035, தஞ்சை, திருச்சிப் பக்க வயல்களில். 135 மாடல் 1964 முதல் 1975 வரை வந்தது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல், இன்ஜினில் சுமார் 45 குதிரைத்திறன். ஹை, லோ என இரு வரிசையில் ஆறு கியர். லோவில் முதல் கியர் 8என் வேகத்தில் ஏறத்தாழப் பாதி. இரட்டைக் கிளட்ச் உள்ள 135 கிடைத்தால், நீண்ட பாதைக்கு இதைவிட நல்ல பழைய வண்டியை எங்களால் சொல்ல முடியாது. வீட்டுக் கராஜில் அடங்குமா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

குபோட்டா, யான்மார் போன்ற சிறிய ஜப்பானிய டீசல்கள். 1970-களின் நெல்வயல் வண்டிகள், பல நான்கு சக்கர இழுவை. பனியில் அந்த நான்கு சக்கரம் பெரிய வரம். குபோட்டா பி7100 சுமார் 16 குதிரைத்திறன்தான், ஆனால் உடம்பு குறுகலானது என்பதால் 4 அடிப் புளோவரே போதும்; கைக்கணக்குக்குச் சற்றுக் குறைவு என்றாலும் நிதானமாகப் போனால் இழுத்துவிடும். அதில் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை (கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது) கிடைத்தால் இன்னும் நல்லது. மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. ஓடிக்கொண்டே இருக்கும். ஜப்பானிலிருந்து நேரடியாகப் பழையதாக இறக்குமதியானவற்றில் லிவர்களின் எழுத்து ஜப்பானிய மொழியில் இருக்கும், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் பெரும்பாலும் இருக்காது. பாகம் வாங்க எந்த மாடல் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதை விலை பேசும் முன்பே உறுதி செய்யுங்கள்.

பாதை 15 மீட்டருக்குள் என்றால் முழு டிராக்டரே தேவையில்லை. 1960, 70-களின் தோட்ட டிராக்டர்கள் போதும்: 1961-இல் வந்த கப் காடெட், ஜான் டியர் 110, 140 போன்றவை. புல்வெட்டும் இன்றைய லேசான வண்டிகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவை கனமானவை, முன்னால் பிளேடு மாட்டலாம். முன்பிளேடு என்பதால் கழுத்தும் திரும்ப வேண்டியதில்லை.

5. பிடி

நம் ஊரில் சேற்றில் இழுவை கிடைக்க டிராக்டர் டயரில் தண்ணீர் ஏற்றுவார்கள். அதே சூத்திரம்தான் பனிக்கும், ஆனால் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசலோ, பீட் கிழங்குச் சாற்றில் செய்த திரவமோ ஏற்ற வேண்டும். வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம்வரை, அதாவது முக்கால்பங்கு. 8என் அளவுப் பின்டயர் ஒன்றில் சுமார் 150 லிட்டர் ஏறும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 180 கிலோ கூடும். கால்சியம் மலிவு, ஆனால் ஒழுகினால் ரிம்மைத் தின்றுவிடும். வண்டி பார்க்கும்போது வால்வைச் சுற்றியுள்ள ரிம் பகுதியை அருகில் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பூப்போல உப்பு படிந்து, பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே அரிப்பு தொடங்கியிருக்கிறது.

வயல் டயரின் ஆழமான பட்டைகள் தூள் பனியில் நன்றாகப் பிடிக்கும், இறுகிய பனிக்கட்டியில் வழுக்கும். சரிவான பாதைக்குச் செயின் இல்லாமல் முடியாது. குறுக்குச் சங்கிலிகள் நெருக்கமாக உள்ள வகையை வாங்குங்கள். இடைவெளி அதிகமானால் ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் இடையே டயர் வெறும் ரப்பரில் நிற்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே செயின் போக இடம் உண்டா என்று விரல்களை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தார்ப்பாதையிலும் கல் பதித்த பாதையிலும் செயின் கீறல் விழும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

6. இரவு எட்டு மணி வீடியோ அழைப்பு

குளிர்காலத்தில் டொராண்டோ நமக்கு 13 மணி நேரம் பின்னால். இங்கே இரவு 8 மணி, சாப்பாடு முடிந்திருக்கும். அங்கே காலை 7, வண்டி இரவெல்லாம் குளிரில் கிடந்திருக்கும். வண்டி பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பனிக்காலம் முடியும் மார்ச் மாதத்தில் பார்த்தால் காலைக் குளிரும் இருக்கும், வாங்க வருவோர் கூட்டமும் குறைந்திருக்கும்.

விற்பவரிடம் இன்ஜினை முன்கூட்டியே கிளப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனைப் பிடித்திருப்பவரிடம், "தம்பி, கையுறையைக் கழற்றிட்டு இன்ஜின் மேல கைய வை" என்று தொடங்குங்கள். சூடாக இருந்தால் அழைப்பை முடித்து இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். சூடான இன்ஜின் எதையும் நிரூபிக்காது.

குளிர்ந்த நிலையிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லி நிறம் பாருங்கள். துரு நிறத் தண்ணீர் மட்டும் இருந்தால், இன்ஜின் பிளாக் உறைந்து விரிசல் விட்டிருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். பக்கவாட்டில் பற்றவைத்த தழும்பு தெரிகிறதா என்று டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். கூலண்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது.

அடுத்து ஹைட்ராலிக் ஆயில் குச்சி. பால் கலந்த டீ நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் கியர், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். தண்ணீர் அடியில் இறங்கிப் பம்பைச் சுற்றி உறைந்து, முதல் சுழற்சியிலேயே பாகம் உடைவதுண்டு. பனி தள்ளும் வண்டிக்கு இந்தக் கோளாறு மிகப் பெரிது. ஆயிலை முழுதாக மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

இப்போது கிளப்பச் சொல்லலாம். சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் உள்ள டீசல் என்றால், அது சூடேற அரை நிமிடம் கொடுங்கள். முதல் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை இயல்பு. சூடேறிய பிறகும் நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. குளிரில் இன்ஜினைக் கிளப்ப அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை விற்பவர் எடுத்தால் அதுவே பதில்: அது இல்லாமல் வண்டி கிளம்புவதில்லை. குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் அடிப்பது இன்ஜினையே உடைக்கும்.

மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் சக்தி ஏறக்குறைய பாதியாகும், ஆயிலோ தேன்போல் கெட்டியாகும். எனவே மின்சாரத்தில் இன்ஜினைச் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் பொருத்தியிருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டி இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் இன்ஜின் சுலபமாகத் திரும்பும். 8என் போன்றவை 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். தெரியாமல் காரிலிருந்து கேபிள் கொடுத்தால் கருகும். 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் காயிலையும் மாற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் ஊற்றிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும், நவம்பருக்கு முன்பே குளிர்கால டீசலுக்கு மாற வேண்டும்.

கடைசியாகப் பிளேடையோ வேறு எடையையோ தூக்கி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். எடையைத் தாங்கும் இணைப்புக் கை மெல்ல இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் சீல் தேய்ந்திருக்கிறது. செலவு அதிகமில்லை, ஆனால் பேரம் பேச உதவும்.

7. உயிர்

பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் சட்டகம் பெரும்பாலும் கிடையாது. பின்னோக்கிக் கவிழ ஒன்றிரண்டு நொடிதான் ஆகும், குதித்துத் தப்ப நேரமிருக்காது. சரிவில் ஓட்டுவதாக இருந்தால் சட்டகம் பொருத்தக்கூடிய மாடலை மட்டுமே வாங்குங்கள். சட்டகம் இருந்தால் இருக்கைப் பட்டை போட வேண்டும், சட்டகம் இல்லாத வண்டியில் பட்டை கட்டக் கூடாது. பி.டி.ஓ. தண்டின் மேல் உறை இல்லாமல் வந்தால் முதல் செலவு அந்த உறைக்கு. தொளதொள ஜாக்கெட்டும் கழுத்துத் துண்டும் அதில் ஒரு கணத்தில் சுற்றிக்கொள்ளும்.

குழாய் அடைத்தால் பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லாம் அசையாமல் நின்றபின் கட்டையால் குத்தி எடுக்க வேண்டும். கையை விடவே கூடாது. மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓட விடக்கூடாது. குளிருக்குக் கதவைச் சாத்த மனம் வரும், ஆனால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

8. முதல் பனிக்கு முன்னும் பின்னும்

தரை உறைவதற்கு முன் பாதையின் இரு ஓரத்திலும் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு குச்சி நடுங்கள். பனி மூடினால் புல்லும் பாதையும் ஒன்றுபோலத்தான் தெரியும். சரளைப் பாதை என்றால், பிளேடின் விளிம்பு தரையிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி அதன் அடியில் உள்ள காலணிகளை வையுங்கள். தரை இறுகியபின் தாழ்த்தலாம். இல்லையென்றால் வசந்தத்தில் புல்வெளியிலிருந்து சரளையைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

புளோவரின் ஷியர் போல்ட்டை நிறுவனம் சொன்ன தரத்தில் ஒரு டஜன் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். கல் சிக்கினால் அந்த போல்ட் அறுந்து கியரைக் காக்கும். அடிக்கடி அறுகிறதே என்று வலிமையான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பெட்டி.

வேலை முடிந்ததும் புளோவரை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு உள்ளே ஒட்டிய பனியை உதறுங்கள். பிளேடை மண்ணில் விடாமல் ஒரு மரப்பலகையின்மேல் இறக்குங்கள்; தரையோடு உறைந்தால் காலையில் எழாது. டேங்கை நிரப்பி, பிளாக் ஹீட்டர் வயரைக் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிட்டு வாருங்கள்.